ஓரத்தில் ஒரு பென்சில் வட்டம்

அவருடைய மேசையில் எந்தக் காகிதமும் எழுத்து தெரியும்படி கிடந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துக்கு வந்த கடிதமானாலும் காலண்டரிலிருந்து கிழித்த தாளானாலும் கவிழ்ந்தே கிடக்கும். எழுதும்போது அடியில் இன்னொரு தாள் இருக்கக் கூடாது. மேசைக் கண்ணாடியின் மேல் ஒற்றைத் தாளை வைத்துத்தான் எழுதுவார். பேனா அழுத்தினால் அடித்தாளில் தடம் விழும். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அந்தத் தடத்தைப் படித்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் செய்து காட்டினார். நான் எழுதியிருந்த என் வீட்டு விலாசம், வெறுமையாக இருந்த அடுத்த தாளில் சாம்பல் நிறத்தில் எழும்பி வந்தது.

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, ஒரு மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடி. வீட்டில் அடிபட்டு, உயிருக்குப் பயந்து வெளியேறிய பெண்களுக்குத் தங்க இடமும் வக்கீலும் ஏற்பாடு செய்து தருகிற சிறிய அறக்கட்டளை அது. ஆவணங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருமணம் செய்துகொள்ளவில்லை, மாட்டுங்காவில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். எங்களுக்கு மேடம். பெயர் வேண்டாம்.

நான்கு மணிக்கு பியூன் பஜியா வாங்கி வருவார். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எல்லோரும் பஜியாவை எடுப்போம். மேடம் அது சுற்றி வந்த காகிதத்தை எடுப்பார். எண்ணெய்க் கறையை விரலால் ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கமும் படிப்பார்.

"மேடம், பஜியாவத் தின்னுங்க. பேப்பர என்னத்துக்குப் படிக்கிய?"

"இது ஒருத்தியோட ரத்தப் பரிசோதனை. பேர், வயசு, போன் நம்பர் எல்லாம் இருக்கு."

"அது ஆருக்கு வேணும்?"

"யாருக்கு வேணும்னு தெரிஞ்சா பயம் இருக்காதே."

காகிதத்தைச் சன்னமாகக் கிழித்து, பாதியை இங்கே உள்ள குப்பைக் கூடையிலும் மீதியை வீட்டுக்குப் போகிற வழியில் வேறொரு தொட்டியிலும் போடுவார்.

"மேடம் வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னு அவிய தம்பிக்கே தெரியாதாம்" என்று பியூன் என்னிடம் சொன்னார், அவர் காதில் விழும்படி.

"தெரியாதுதான். அவனுக்கு சுகர்" என்றார் மேடம். சிரிக்கவில்லை.

மூன்று பதிவேடுகள் வைத்திருந்தார். முதலாவதில் பெண்ணின் பெயரும் ஓர் எண்ணும். இரண்டாவதில் எண்ணும் அவளுக்கு நடந்ததும், பெயர் கிடையாது. மூன்றாவதில் எண்ணும் அவள் இப்போது இருக்கும் விலாசமும் அவள் கொடுத்த போன் நம்பரும். மூன்றும் மூன்று அலமாரிகளில். முதல் சாவி செயலாளரிடம், இரண்டாவது ஆலோசகரிடம், மூன்றாவது மேடத்தின் இடுப்பில். ஒரு புத்தகத்தைத் திருடிப் போகிறவனுக்கு ஒன்றுமே கிடைக்காது. பிற்பாடு பத்திரிகை வேலையில், தகவல் பாதுகாப்பு பற்றிப் பெரிய நிறுவனத்து ஆட்கள் பேசிய கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்திருக்கிறேன். அவர்கள் திரையில் காட்டிய படங்களில் பாதி அந்த மூன்று அலமாரிகள்தான்.

என்னை ஒப்பந்தத்தில் எடுத்தது அந்த மூன்றையும் ஒன்றாக்கத்தான். நிதி தருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க விரும்பினார்கள். ஒரு தனியார் கம்பெனி மென்பொருள் பொருத்திவிட்டுப் போனது. மூன்று பதிவேடுகளிலும் உள்ளதை நான் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். மூன்று மாத வேலை.

முதல் நாள், ஒரு பெண்ணின் பெயரும் கதையும் விலாசமும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. மேடம் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மூணையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சுட்டேளே" என்று செயலாளரிடம் சொன்னார்.

"பாஸ்வேர்டு இருக்கே மேடம்."

"இருக்கு, இருக்கு."

அந்தக் கடவுச்சொல்லின் கதை இது. 'மறக்காத ஒரு வார்த்தையாப் போடுங்க' என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் ஆறு பேர். அதில் ஐந்து பேர் அவரவர் நட்சத்திரத்தைப் போட்டிருந்தார்கள். ரோகிணி, அனுஷம், உத்திராடம். சரஸ்வதி பூஜைக்கு மாட்டுங்கா கோயிலில் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை செய்வது வழக்கம் என்பதால், பெயர், நட்சத்திரம் என்று வரிசையாக எழுதிய தாளை பியூன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார், யார் பெயராவது விட்டுப்போனால் சேர்க்கட்டும் என்று. நான்கு நாள் அது அங்கே இருந்தது. பலகைக்குக் கீழேதான் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. எங்களை ஒவ்வொருவராக விசாரித்த பிறகுதான் மேடத்துக்கு விஷயம் விளங்கியது. தாளைப் பிய்த்துச் சன்னமாகக் கிழித்தார்.

"சாமிக்குத்தான மேடம் எழுதுனோம். சாமி ஆருகிட்டச் சொல்லப் போவுது?" என்றார் பியூன்.

"சுவாமி சொல்ல மாட்டார். குருக்கள் மைக்குல சொல்லுவாரே."

அன்றைக்கே எல்லோரையும் உட்கார வைத்து மாற்ற வைத்தார். அர்ச்சனைக்குப் பெயர்களை மட்டும் அனுப்பினார். நட்சத்திரம் இல்லாமல் எப்படி என்று குருக்கள் கோபித்துக்கொண்டதாகப் பியூன் சொன்னார்.

எனக்காக ஓர் அட்டை செய்துகொண்டு வந்தார். பதிவேட்டுப் பக்கத்தின் அளவு. நடுவில் ஒரே ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டியிருந்தது. பக்கத்தின் மேல் அட்டையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகக் கீழே நகர்த்துவார். நான் தட்டச்சு செய்ய வேண்டிய வரிக்கு மேல் என்ன, கீழ் என்ன என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தது. பத்து நாளில் பழகிவிட்டது.

அப்படியும் சில வரிகள் மனதில் தங்கின. நாற்பத்தொன்று என்ற எண். அவளை அந்த எண்ணாலேயே சொல்கிறேன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தவனின் மனைவி. இரண்டாம் பதிவேட்டில் அவளுக்கு ஆறு வரி. நான்காவது வரியில் தோல் வெட்டுகிற கத்தி. ஐந்தாவதில் முப்பத்திரண்டு தையல். ஆறாவது வரி அவன் போலீஸ் நிலையத்தில் வைத்தே சொன்னது: அடுத்த தடவை தையல் போட வேண்டியிருக்காது. அவளைக் கோவண்டியில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள கட்டடத்தில், மாடி அறையில் வைத்திருந்தார்கள். போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார்.

எல்லாம் ஏற்றி முடித்தோம். ஒரு திங்கட்கிழமை காலை செயலாளர் பொத்தானை அழுத்தி மென்பொருளை ஓடவிட்டார். லட்டு கொடுத்தார்கள்.

பதினொன்றரை மணி இருக்கும். தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"மேடமா? ரொம்ப நன்றி மேடம்." ஆண் குரல், நிதானமான குரல். "எங்க வீட்டுக்காரி இருக்க எடம் மெசேஜுல வந்துட்டு. கோவண்டிலயா இருக்கா? ரெண்டு வருசமா எங்கெல்லாமோ தேடிட்டேன். நல்லாயிருப்பிய."

"நீங்க யாரு பேசறது?"

"வண்டிய எடுத்துட்டேன் மேடம். போயிட்டுப் பேசுதேன்."

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "குரல் எப்படி இருந்தது?"

"மரியாதையாத்தான் பேசினான்."

"அப்படித்தான் பேசுவா. எனக்கும் ஒரு தடவை அப்படித்தான் ஒரு போன் வந்தது. பதில் சொல்லிட்டேன்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. கேட்க எனக்குத் துணிவு வந்ததுமில்லை.

நடந்தது இதுதான். தங்களைப் பற்றிய பதிவு சரியாக இருக்கிறதா என்று அவரவரே பார்த்துக்கொள்ள, பெயரும் விலாசமும் அடங்கிய குறுஞ்செய்தியை மென்பொருள் எல்லோருக்கும் தானாக அனுப்பியது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. பதிவேட்டில் உள்ள போன் எண்ணுக்குத்தான் போகும். நாற்பத்தொன்று முதல் நாள் கொடுத்த எண் அவளுடையது இல்லை. அந்த வீட்டில் ஆதாருக்கும் ரேஷனுக்கும் காஸ் சிலிண்டருக்கும் ஒரே எண்தான், அது அவனுடையது. வக்கீல் நோட்டீசுக்குத் தேவைப்படும் என்று மேடமும் குறித்து வைத்திருந்தார். இப்படிப்பட்ட எண்களுக்குப் பக்கத்தில், பக்கத்தின் ஓரத்தில், சிறிய பென்சில் வட்டம் போட்டிருந்தார். இந்த எண்ணைத் தொடாதே என்று அர்த்தம். பதினோரு வட்டங்கள் இருந்தன.

அது எனக்கு ஆட்டோவில்தான் தெரிந்தது. செயலாளரும் ஆலோசகரும் மற்ற பத்துப் பெண்கள் தங்கியிருந்த இடங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். போன் இல்லாதவளைத் தேடி நாங்கள் இருவரும் கிளம்பினோம். மேடம் மூன்றாவது பதிவேட்டைப் பையில் வைத்து மார்போடு அணைத்திருந்தார்.

"அந்த வட்டத்தை நீ பார்க்கலையா?"

"எந்த வட்டம் மேடம்?"

பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். அட்டை உள்ளேயே இருந்தது. சன்னல் வரிக்குச் சரியாக இருந்தது. ஓரத்தை அட்டை மூடியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அவரே நகர்த்திய அட்டை. வட்டங்கள் அவர் தலைக்குள் இருந்ததால் மறைந்தது அவர் கண்ணுக்கு உறைக்கவில்லை. அட்டையை நீளவாக்கில் மடித்தார். மறுபடி மடித்தார். ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. "பையா, ஜல்தி" என்று ஆட்டோக்காரரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தாராவியிலிருந்து வண்டியில் அரை மணி. செம்பூரிலிருந்து எங்களுக்குக் கால் மணி. ஆனால் சிக்னலில் நின்றோம், ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் நின்றோம். நாங்கள் ஏறிப் போனபோது அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். மேடம் விளக்கவில்லை. "வா" என்றார். செருப்பு ஒன்று கட்டிலுக்கடியில் போயிருந்தது. அதை எடுக்க விடவில்லை. அவள் வெறுங்காலோடு இறங்கினாள்.

சந்து முனையில் அவனைப் பார்த்தோம். பார்த்தது நாங்கள்தான். அவள் கண்ணைப் பார்த்தே அவன்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்தவளின் நகம் பதிந்தது. மூன்று பேர் அகலம்கூட இல்லாத சந்து. வெள்ளைச் சட்டை, கையில் மிட்டாய்க் கடைப் பை. எதிரே வந்தான், எங்களை உரசிக்கொண்டு போனான். அவன் தலை நிமிரவில்லை. போனில் வந்திருந்த விலாசத்தைப் படித்துக்கொண்டே, சுவரில் எழுதியிருந்த சால் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு போனான்.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை, சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது என்று அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உண்மைதான்.

மறுநாள் மேடம் மூன்றாவது பதிவேட்டிலிருந்து அந்தப் பதினோரு பேரின் பக்கங்களைக் கிழித்து, குளியலறை வாளியில் ஊற வைத்து, கூழாக்கிக் கொட்டினார். திரையில் அவர்களுக்கு எதிரே விலாசமாக எங்கள் அலுவலகத்தின் விலாசத்தையே போடச் சொன்னார். புது இடங்களை யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று செயலாளர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகப்படாது."

அதன்பின் பஸ்ஸில் வரும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஸ்லோகம் சொல்கிறார் என்று பியூன் நினைத்தார். அலுவலகத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. வருகிற பெண்கள் வாசலிலேயே டேப்லெட்டில் விரலால் தொட்டுப் படிவம் நிரப்பினார்கள். எழுதுகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. யாருக்குச் சொல்லக் கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிற வேலை எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. துடைத்த கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சில சமயம் எனக்கே பயமாக இருக்கும்.

என் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்தேன். அவர் ஓய்வு பெற்றதைக் கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை. ஆறு வருடம் கழித்து அவர் தம்பி கூப்பிட்டார்.

"அக்கா போன்ல ஆபீஸ்காரா நம்பர் இது ஒண்ணுதான் இருக்கு. ஞாபகம் போயிடுத்து. எங்களையே யாருன்னு தெரியல. ஆனா எதையோ சொல்லிண்டே இருக்கா. ஆபீஸ் சமாசாரம் போல இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்கோ."

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனிலிருந்து நடந்து போனேன். மதியம். சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முடி கத்தரித்திருந்தது. பதிவேட்டைப் படிக்கிற அதே நிதானத்தில் எண், தெரு, கட்டடம், மாடி, பக்கத்தில் என்ன கடை என்று சொல்லிக்கொண்டே போனார். பதினொன்றும் முடிந்ததும் முதலிலிருந்து. நான் கையைத் தொட்டேன்.

"யாரு நீ? எதுக்குக் கேக்கறே?"

நான் பதில் சொல்லும் முன்னால், "நாப்பத்தொண்ணு" என்று ஆரம்பித்து முழு விலாசத்தையும் சொல்லி முடித்தார்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தாராவியிலிருந்து வருகிறாள். நல்ல மாதிரி, வாயைத் துடைத்துவிடும் விதத்திலேயே தெரிந்தது.

"அம்மா சொல்லுததெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிட்டுக்கா" என்று சிரித்தாள். "பாட்டு மாரி இருக்கும். முந்தாநேத்து வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். எங்க சந்துல ஒரே சிரிப்பு."

"காட்டு."

அரை நிமிடப் படம். நாற்பத்தொன்றின் விலாசத்தில் தொடங்கி அதோடு முடிந்தது. அறுபத்து நான்கு பேர் பார்த்ததாகச் சொன்னாள். அவள் வீடு தோல் பட்டறைகளுக்குப் பின்சந்தில்.

"ஆருக்கா இவியல்லாம்? நெசமா உள்ள ஆளுங்களா?"

நீக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் நீக்கினாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. ஸ்டேட்டஸ் ஏற்கெனவே தானாக மறைந்திருந்தது; அவள் போனில் இருந்ததுதான் போனது. மற்ற போன்களில் என்ன இருக்கிறது என்று தெரியாது. படியிறங்கும்போதே பியூனுக்குப் போன் செய்தேன். அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். மற்ற பத்துப் பேரின் வழக்கும் முடிந்து எல்லோரும் இடம் மாறிவிட்டார்கள் என்றார்.

"நாப்பத்தொண்ணோட புருஷன்?"

"அவன் இன்னும் வாரான்க்கா. மாசத்துக்கு ஒருக்க. பெஞ்சுல உக்காருவான், தண்ணி வாங்கிக் குடிப்பான், போயிருவான். இந்த மாசம் இன்னும் வரல."

வேலைக்குப் போகவில்லை. எந்த ஸ்டேஷனில் இறங்கினேன் என்பது இங்கே வேண்டாம். நான்காவது மாடி. கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது. ஆறு வருடத்தில் அவள் முகம் சற்றுச் சதை போட்டிருந்தது. தாடையில் தழும்பு மங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"நான் மேடத்தோட ஆபீஸ்ல இருந்தவ. கோவண்டிக்கு அவங்களோட வந்தேனே."

"மேடம் செத்துட்டாவளா?"

"இல்ல."

அவ்வளவுதான் கேட்டாள். தன்னைத் தவிர யாராவது இந்தக் கதவைத் தட்டினால் வந்தவளிடம் எதுவும் கேட்காதே, கிளம்பு என்று அவர் சொல்லி வைத்திருக்க வேண்டும். சங்கிலியை எடுத்தாள், அடுப்பை அணைத்தாள், கதவுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள். சாதம் பாதி வெந்திருந்தது. போனை அணைத்து அலமாரியின் மேல் வைத்தாள். எல்லாம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே எங்கோ ஒரு வண்டி வந்து நின்று, இஞ்சின் அணைந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. யாரோ காஸ் சிலிண்டரை இறக்கிப் போடும் சத்தம் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம்.

"எங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டேன். பத்திரிகைக்காரியின் வாய்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கணவனைச் சந்தில் பார்த்தபோது இருந்த அதே பார்வை. படியிறங்கினாள். நான் பின்னால் போகவில்லை. அவள் போகும் பக்கம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மதிய நேரம், கட்டடம் அமைதியாக இருந்தது. நான்கு மாடியும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு வாசலில் சிமென்ட் தரையில் கேட்டது, பிறகு ஒரு பக்கமாகத் திரும்பியது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.